பழைய ஃபூஜி பிலிம், பழைய லேப்டாப் திரை: ரெண்டிலும் ஒரே வினிகர் வாடை. ஏன்?

ஜெலுத்தோங் 11600

வணக்கம். ஜார்ஜ்டவுனில் மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் அலமாரிச் சாமான்களைத் தரம் பிரிக்கணும். ஏர்கோன் ஓடிப் பத்து வருஷத்துக்கு மேலாகிற அறை. இருப்பது இவ்வளவுதான்:

ஃபூஜிகலர் சுப்பீரியா 400, 36 படம், பிரிக்காத ரோல் 14. பெட்டியில் 2007/05 என்று காலாவதித் தேதி. அதே சுப்பீரியாவில் படம் எடுத்து முடித்துக் கழுவாமல் விட்டது 3 ரோல். 70கள் முதல் 90கள் வரைக்குமான நெகட்டிவ் நாலு பெட்டி, கறுப்பு வெள்ளையும் கலரும் கலந்து. ஒரு பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை மூக்கைத் துளைக்குது. இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கு. அதே தட்டில் ஒரு பழைய லேப்டாப்; அதன் திரை ஓரத்தில் கொப்புளம், அதிலும் அதே வினிகர் வாடை! நெகட்டிவ் பக்கத்தில் கிடந்ததால் ஒட்டிக்கிச்சா?

14 ரோலையும் பயன்படுத்த முடியுமா, எந்த ஐ.எஸ்.ஓ.வில்? எடுத்து வைத்த 3 ரோலை வீட்டிலேயே கழுவலாமா? நெகட்டிவை எப்படிக் காப்பாத்துறது?

கூடவே ஒரு சந்தேகம். இந்த ஃபூஜி கம்பெனி இப்போ முகத்துக்குப் போடுற ஜெல்லி விக்குது, மருந்து செய்யுது, ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின் செய்யுது. பிலிம் செய்த ஆட்களுக்கு இதெல்லாம் எப்படிக் கைவந்தது? இன்றைக்குக் கடையில் இருக்கிற ஃபூஜி 400 பெட்டியில் அமெரிக்காவில் தயாரித்தது என்று போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

இருட்டறை

மற்றதெல்லாம் பிறகு. வாடை அடிக்கும் பெட்டியை இன்றைக்கே மற்ற மூன்றிடமிருந்தும் பிரித்து வேறு அறையில் வையுங்கள். லேப்டாப்பையும் சேர்த்து.

உங்கள் நெகட்டிவ்களின் அடித்தாள் செல்லுலோஸ் டிரைஅசிட்டேட். டி.ஏ.சி. என்பார்கள். செல்லுலோஸில் அசிட்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்த ஞெகிழி அது. சூடும் ஈரமும் சேர்ந்தால் கோத்தது கழன்று மறுபடி அமிலமாகவே வெளியே வரும். வினிகரில் இருப்பதும் அசிட்டிக் அமிலம்தான், ஆக உங்கள் மூக்கு சொல்வது சரி. கெடுதல் எங்கே என்றால், கழன்ற அமிலமே அடுத்ததையும் கழற்றிவிடும். மூடிய டப்பாவில் ஆவி போக வழியில்லாமல் வேகம் கூடிக்கொண்டே போகும். பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். 20° செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் புது பிலிமுக்கு இந்த வாடை தொடங்கவே ஏறத்தாழ 50 ஆண்டு ஆகும். பினாங்கில் பூட்டிய அறையில் 30 டிகிரி, 80 விழுக்காடு. அங்கே அந்தக் கணக்கில் பாதிகூட ஓடாது.

அடுத்து நடப்பது: அடித்தாள் சுருங்கும், மேலே உள்ள ஜெலட்டின் சுருங்காது. அதனால் படத்தின் மேல் ஆற்றுமணலில் நீர் ஓடிய தடம் போலச் சுருக்கம் விழும். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்த்த மருந்தும் வெளியே தள்ளப்பட்டு வெள்ளைப் பொடியாகப் படியும். இதைப் பூஞ்சை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கிளை கிளையாக நூல் ஓடினால் பூஞ்சை. சர்க்கரைத் தூள் மாதிரி, கிளை இல்லாமல் இருந்தால் பொடி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அளக்க அமிலம் காட்டும் தாள்துண்டு விற்கிறார்கள், ஏ-டி ஸ்டிரிப் என்று கேளுங்கள். பெட்டிக்குள் ஒரு துண்டு போட்டு மூடி ஒரு நாள் விட வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால் ஸ்கேன் வரிசையில் அதுதான் முதல். மஞ்சள் வந்துவிட்டால் நாள் கடத்தாதீர்கள்.

பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் கழற்றுங்கள், அதிலும் பி.வி.சி. உறை இருந்தால் குப்பைக்கே. அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றி, காற்றோட்டமான மேசையில் இரண்டு மூன்று நாள் விட்டு, ஸ்கேன் செய்து, பிறகு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இரட்டை ஜிப் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். குளிர் இந்த நோயைக் குணப்படுத்தாது. ஓட்டத்தை நிறுத்தி வைக்கும், அவ்வளவே. கழுவினாலும் சோடா உப்புத் தண்ணீரில் முக்கினாலும் போகாது. யூடியூபில் அப்படி ஒன்று சுற்றுகிறது, செய்துவிடாதீர்கள்.

இப்போது லேப்டாப். அதற்கு வாடை ஒட்டவில்லை, அதுவே புளித்துக்கொண்டிருக்கிறது.

எல்.சி.டி. கண்ணாடியின் முன்னும் பின்னும் ஒரு போலரைசர் தாள் ஒட்டியிருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது. அதன் நடு அடுக்கு அயோடின் ஏற்றி இழுத்த பாலிவினைல் ஆல்கஹால். தனியாக நிற்காத மெல்லிய சவ்வு. அதற்கு இரு பக்கமும் காப்பாக ஒட்டுவது எது என்று நினைக்கிறீர்கள்? டி.ஏ.சி.தான். காரணம் உண்டு. பாலியெஸ்டர் தாள் வலுவானது, மலிவும் கூட. ஆனால் அது தன்னுள்ளே போகும் ஒளியின் போலரைசேஷனைத் திருப்பிவிடும், திரையில் வானவில் தெரியும். டி.ஏ.சி. அப்படிச் செய்வது மிகக் குறைவு. நீராவியையும் கொஞ்சம் விடும், அதனால் தண்ணீர் கலந்த பசை உலர்ந்து ஒட்டும். போட்டோ பிலிமுக்கு வேண்டிய தெளிவு, சமதளம், தூசியின்மை எல்லாம் அப்படியே இங்கும் வேண்டும். ஆக நெகட்டிவுக்கும் திரைக்கும் ஒரே தோல், ஒரே நோய்.

அந்தத் தாளை உலகுக்கு அதிகம் விற்பது ஃபூஜிதான், ஃபூஜிடாக் என்ற பெயரில். 1996இல் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாமலிருக்க ஒரு படலத்தையும் அதன்மேல் பூசி விற்றார்கள். கம்பெனி பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு விடையில் பாதி இந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது.

திரையைப் பழுது பார்க்க நினைத்தால்: போலரைசரை உரித்துப் புதுசு ஒட்டலாம், கைக்கடிகாரம், பழைய விளையாட்டுப் பெட்டி போன்ற சின்னத் திரைகளில் அது நடக்கும். லேப்டாப் பேனல் கண்ணாடி ஒரு மி.மீ.க்கும் குறைவு, உரிக்கும்போதே விரிசல் விடும். பேனலையே மாற்றுவது மலிவு.

பாகான் இரவு

பிலிம் கேள்விக்கு நான் வரேன்.

முதலில் 14 ரோல். பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், அதிகம் கொடுன்னு ஒரு பேச்சு உண்டு. அது ஃபிரிட்ஜில் இல்லாவிட்டாலும் குளிர்ந்த ஊரில் இருந்த பிலிமுக்கு. நம்ம ஊர் அலமாரியில் இருந்ததுக்கு அதை நம்பாதீங்க. 14இல் ஒன்னைப் பலி கொடுங்க. நல்ல வெயிலில் ஒரே காட்சியை 400, 200, 100, 50, 25 என்று ஐந்து தரம் எடுங்க. ரோலில் மிச்சத்தை வீட்டுக்குள்ளே, நிழலில் அதே மாதிரி. கழுவிப் பார்த்தா எந்த ஐ.எஸ்.ஓ. என்று பிலிமே சொல்லும். என் ஊகம் 50. அப்படின்னா நடுப்பகல் வெயிலில் எஃப்/8, நொடியில் 200இல் ஒரு பங்கு. தானியங்கி காம்பாக்ட் கேமராவில் போட்டா அது உருளையில் உள்ள டி.எக்ஸ். கட்டங்களைப் படிச்சு 400 என்றே வெச்சுக்கும், கையால் ஐ.எஸ்.ஓ. மாத்துற கேமரா வேணும்.

எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் புதுசு மாதிரி வராது. மூடுபனி மாதிரி ஒரு அடிப்படைக் கறுப்பு ஏறியிருக்கும். கலர் அடுக்குகள் ஒரே வேகத்தில் கெடுறதும் இல்லை, அதனால் நிழல் பகுதி ஒரு நிறத்துக்கும் வெளிச்சப் பகுதி இன்னொரு நிறத்துக்கும் சாயும். சுப்பீரியாவில் நாலாவதா ஒரு அடுக்கு வேற. டியூப் லைட்டின் பச்சையை அடக்க 1989இல் ரியாலா பிலிமில் முதலில் வந்த விஷயம் அது.

எடுத்து வெச்ச 3 ரோலைத் தொடுறதுக்கு முன்னே அந்தப் பலி ரோலைக் கழுவுங்க. வயசு ஒன்னுதான், கிடந்த இடமும் ஒன்னுதான். அதில் படம் விழாத ஓரம் எவ்வளவு கறுத்திருக்கோ, இந்த மூனும் அவ்வளவு கறுத்திருக்கும். சுமாரா இருந்தா சாதாரண சி-41, கலர் நெகட்டிவ் கழுவுற வழக்கமான முறை. நேரத்தை நீட்டாதீங்க, படத்தோடு சேர்ந்து பனியும் ஏறும். ஒளி ஊடுருவாத அளவுக்கு அடர்த்தியா இருந்தா கலரை மறந்துட்டு கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவலாம், உருவமாவது மிஞ்சும். ஆனா அது ஒருவழிப் பாதை மாதிரி வெச்சுக்குங்க, கலர் அதுக்கப்புறம் வராது. மூனையும் ஒரே நாளில் கழுவாதீங்க.

பெட்டியில் சி.என்-16 என்று பார்த்துக் குழம்ப வேணாம். சி-41க்கு ஃபூஜி வெச்ச பேர் அது.

கழுவுறதுக்கு ஒரு லிட்டர் சி-41 பவுடர் கிட், இரண்டு ரீல் பேட்டர்சன் டாங்கி, வெளிச்சம் புகாம பிலிமை டாங்கிக்கு மாத்த ஒரு மாற்றுப் பை, நல்ல தெர்மாமீட்டர், சமையலுக்கு விக்கிற சூ-வீ குச்சி ஹீட்டர் ஒன்னு. வாளிக்குப் பதிலா பசாரில் மீன் வருமே வெள்ளைப் போலிஸ்டைரின் பெட்டி, அது நல்லா சூடு தாங்கும். ஹீட்டரை 39 டிகிரிக்கு வையுங்க. பாட்டிலுக்குள்ளே மருந்து 38 வந்திருக்கான்னு தனி தெர்மாமீட்டரில் பாருங்க, ஹீட்டர் காட்டுற எண் தண்ணியோடது. ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. போதும், ரெண்டுக்கு 600.

நம்ம ஊரில் எல்லாரும் சறுக்குற இடம் ரசாயனம் இல்லை, மாற்றுப் பை. அஞ்சு நிமிஷத்தில் கை வியர்க்கும், பைக்குள்ளே காற்று ஈரமாகும், பிலிம் ஓரம் ஊறிப் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கும். இழுத்தா மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் பிறை வடிவில் கறுப்பு. அதனால ஏர்கோன் அறையில் உட்காருங்க. ரீல் எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கணும், ரெண்டு நாள் வெயிலில் வெச்சது. பிலிம் முனையின் ரெண்டு மூலையையும் வட்டமா நறுக்கிட்டு ஏத்துங்க. சிக்கிக்கிட்டா போராடாதீங்க, பிலிமையும் ரீலையும் டாங்கிக்குள்ளே போட்டு மூடி, கையை வெளியே எடுத்துத் துடைச்சு, பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பப் போங்க. பழைய பிலிம் உருளையிலேயே சுருண்டு பழகியிருக்கும், ஸ்பிரிங் மாதிரி துள்ளும்.

அப்புறம் ஓட்டம். 39 டிகிரித் தண்ணியில் ஒரு நிமிஷம் ஊறப்போட்டு ஊத்துங்க. ஊத்துற தண்ணி கலரா வரும், அது பிலிமில் தண்ணியில் கரையுற சாயம், படம் கரையலை. டெவலப்பர் 3 நிமிஷம் 15 நொடி. முதல் 15 நொடி விடாமல் கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு 30 நொடிக்கு நாலு தரம். இதில் மட்டும் கால் டிகிரி தவறினாலும் கணக்கு. அடுத்தது வெள்ளியை நீக்கும் பிளிக்ஸ், ஆறரை முதல் எட்டு நிமிஷம், 35 முதல் 40 டிகிரிக்குள்ளே எதுவானாலும் சரி. பிளிக்ஸ் வாயு விடும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விடலைன்னா சட்டையில் பழுப்புக் கறை, அது போகவே போகாது. பிறகு மூனு நிமிஷத்துக்கு மேலே கழுவல். குளிர்நாட்டுக்காரன் இதுக்கும் தண்ணி சுட வைக்கணும். கழுவலுக்கு 24 முதல் 41 டிகிரி வரை ஏற்பு, நம்ம குழாய்த் தண்ணியே 28, 29. நேரா திறந்து விடுங்க. கடைசியா ஸ்டெபிலைசர் ஒரு நிமிஷம், வடிகட்டிய நீரில் கலக்கினது, பிலிமை ரீலிலிருந்து கழற்றித் தனி டப்பாவில். ரீலோடு முக்கினா அது ரீலில் படிஞ்சு அடுத்த தடவை பிலிம் ஏறாது. குளியலறையில் ஷவரை ஒரு நிமிஷம் திறந்து தூசியை அடக்கிட்டு, விசிறி இல்லாம தொங்க விடுங்க. மழை நாள்னா அஞ்சு மணி நேரம்.

எது தப்பினா என்ன தெரியும்? படம் மெலிஞ்சு சப்புன்னு இருந்தா டெவலப்பர் குளிர்ந்திருக்கு அல்லது செத்திருக்கு. நல்ல டெவலப்பர் வெளிறிய தேத்தண்ணி நிறத்துக்குள்ளே இருக்கும், கோப்பி ஓ கறுப்புக்குப் போனா கொட்டிடணும். துளை ஓரங்களில் அடர்த்திக் கோடு வந்தா குலுக்கினது அதிகம். கலர் அழுக்கா, சாம்பல் பூசின மாதிரி வந்தா வெள்ளி முழுசா நீங்கலை; இது ஒன்னுக்குத்தான் மறுவாய்ப்பு உண்டு. காய்ஞ்ச பிறகும் வெளிச்சத்திலேயே திரும்பப் பிளிக்ஸில் போட்டு எடுக்கலாம். ஆனா பிளிக்ஸ் சில துளி டெவலப்பர் பாட்டிலுக்குள்ளே போனா அந்த லிட்டரே போச்சு. பாட்டில் மூடிகளை மாத்திப் போடாதீங்க, ரெண்டு நிற டேப் சுத்தி வையுங்க.

ஒவ்வொரு ரோலுக்கும் டெவலப்பர் நேரத்தில் 2 விழுக்காடு கூட்டுங்க. கலக்கினதைக் கழுத்து வரை நிரப்பி மூடி வெச்சாலும் நம்ம சூட்டில் ஒரு மாசம், அதுக்கு மேலே நம்ப வேணாம்.

பயன்படுத்திய பிளிக்ஸில் வெள்ளி இருக்கு, சாக்கடையில் ஊத்தாதீங்க. இரும்பு நார் பந்து ஒன்னைப் போட்டு ரெண்டு மூனு நாள் விட்டா வெள்ளி கறுப்புச் சேறா அடியில் இறங்கும், இரும்பு கரையும். அதுக்கப்புறமும் அது மலேசியச் சட்டத்தில் அட்டவணைக் கழிவுதான். கடைகளுக்கு அதை எடுக்க உரிமம் உள்ள ஆள் வருவாங்க, கழுவித் தர்ற கடையில் கேட்டா ரெண்டு பாட்டிலை வாங்கிக்குவாங்க.

கிரீம் கதை எளிது. பிலிமில் இருக்கிற ஜெலட்டின் கொலாஜன்தானே, அதை அப்படியே முகத்துக்குப் போட்டுட்டாங்க.

செந்தூல் தராசு

பாகான் அண்ணே, கழுவுற விவரம் அத்தனையும் தங்கம். கடைசி வரியை மட்டும் விட முடியாது. அது விளம்பரம் சொல்லிக்கொடுத்த கதை. பிலிமில் ஜெலட்டின் நிறைய இருக்கிறது என்பது சரி, ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருகிறது என்பதும் சரி. ஆனால் மாட்டெலும்பு வேகவைத்தவனெல்லாம் அழகுசாதனக் கம்பெனி தொடங்கவில்லையே.

விஷயம் எண்ணெய்த் துளியில் இருக்கிறது. கலர் பிலிமில் நிறம் தரும் கப்ளர் தண்ணீரில் கரையாது. அதை எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெயை ஒரு மைக்ரானுக்கும் சின்னத் துளிகளாக்கி, ஒன்றோடொன்று சேராமல் ஜெலட்டினுக்குள் வருஷக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும். துளி பெருத்தால் படம் பொரிபொரியாகும். சால்மன் மீனைச் சிவப்பாக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியும் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரையாதது. அதைத் துளியாக்கி ஜெல்லிக்குள் நிறுத்தியதுதான் அஸ்டாலிஃப்ட், ஃபூஜி விற்கும் அந்த முக ஜெல்லி. ஜெல்லி சிவப்பாக இருப்பது அதனால்தான், சாயம் போட்டதல்ல. போட்டோ வெளுப்பதும் ஆக்சிஜனேற்றம், தோல் மங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. வெளுக்காமல் தடுக்கும் மருந்துகளைப் பல பத்தாண்டு தேடியவர்களுக்கு அந்தப் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தது. முகத்தில் என்ன பலன் என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

மற்றக் கிளைகளையும் இப்படிப் பிலிமை உரித்தே பார்க்கலாம். ஏறத்தாழ 20 அடுக்கு, எல்லாம் சேர்ந்து சுமார் 20 மைக்ரான் தடிமன், கும்மிருட்டில் ஓடும் அகலத் தாள்மேல் பூச வேண்டும். அந்தப் பூசும் கைதான் கம்ப்யூட்டர் காப்பகங்களில் சுற்றும் எல்.டி.ஓ. டேப்புக்குப் போனது. பேரியம் ஃபெரைட் என்ற காந்தத் துகளை மெல்லிசாகப் பூசுகிறார்கள். எல்.டி.ஓ.-9 சுருள் ஒன்றில் சுருக்காமல் 18 டெராபைட். அடித்தாள் எல்.சி.டி.க்குப் போனதை இருட்டறை சொல்லிவிட்டார். எக்ஸ்ரே பிலிம் 1983இல் கணினி எக்ஸ்ரே ஆனது, பிலிமுக்குப் பதில் படத்தைத் தேக்கிவைக்கும் தகடு, லேசரால் படிப்பது. ஆஸ்பத்திரிக்கான வழி எக்ஸ்ரே பிலிமிலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் பிலிமோடு முடிச்சுப்போடும் ஆசை ஒன்று இருக்கிறது, அதில்தான் கவனமாக இருக்கணும். பாதி, வாங்கி ஒட்டிய கிளை. 2008இல் தோயாமா கெமிக்கல் என்ற மருந்துக் கம்பெனி. 2014இல் ஜப்பானில் அனுமதி பெற்ற ஃபாவிபிராவிர் என்ற ஃபுளூ மருந்து தோயாமா தொடங்கியது. 2011இல் மெர்க்கிடமிருந்து உயிரிமருந்து தயாரிப்பு ஆலைகள். 2012இல் சோனோசைட், கையில் தூக்கும் அல்ட்ராசவுண்ட். 2015இல் ஸ்டெம்செல் கம்பெனி ஒன்று. 2021இல் ஹிட்டாச்சியின் ஸ்கேன் பிரிவு. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து?

இங்கேதான் யாரும் சொல்லாத கதாநாயகன்: ஜெராக்ஸ் மெஷின். 1962இலேயே ரேங்க் ஜெராக்ஸோடு பாதிக்குப் பாதி பங்கில் ஃபூஜி ஜெராக்ஸ் என்ற கூட்டுக் கம்பெனி. 2001இல் ஜெராக்ஸ் கஷ்டத்தில் இருந்தபோது தன் பங்கை 75 விழுக்காடாக்கிக்கொண்டது ஃபூஜி. கலர் பிலிம் விற்பனை உலகளவில் உச்சம் தொட்டது 2000இல், அதற்கடுத்த பத்தே வருஷத்தில் பத்தில் ஒன்றுக்கும் கீழே. அந்தச் சரிவின் நடுவில் மாதாமாதம் டோனர் காசு வந்துகொண்டிருந்தது. 2019இல் மிச்சம் 25 விழுக்காட்டையும் வாங்கி, 2021 ஏப்ரலில் பெயரை ஃபூஜிபிலிம் பிஸ்னஸ் இன்னொவேஷன் என்று மாற்றினார்கள். கே.எல். ஆபீஸ்களில் நகலெடுக்கும் மெஷினில் பெயர் மாறியதே, அதுதான்.

போட்டிக் கம்பெனி கோடாக்கிடம் ரசாயனம் இல்லாமலா போனது? ஈஸ்ட்மன் கெமிக்கலைப் பிரித்து விட்டது 1994இல், மருத்துவப் படப் பிரிவை விற்றது 2007இல், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு. ஃபூஜி வெட்டவில்லை என்றும் இல்லை. ஃபூஜியின் அப்போதைய தலைவர் ஷிகெதாகா கொமோரி 2004இல் போட்ட திட்டத்தில் புதுத் தொழிலும் இருந்தது, கத்தியும் இருந்தது. 2006 தொடக்கத்தில் போட்டோ பிரிவில் சுமார் 5,000 வேலை போகும் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் கம்பெனிப் பெயரிலிருந்து போட்டோ என்ற சொல்லும் போனது. 1934இல் செல்லுலாய்டு கம்பெனி ஒன்றின் கிளையாகத் தொடங்கியபோது வைத்த பெயர் ஃபூஜி போட்டோ பிலிம்.

இன்றைய ஃபூஜி 400 பெட்டி: அமெரிக்காவில் தயாரித்தது என்று இருந்தால் அது உங்கள் சுப்பீரியா இல்லை, வேறு பிலிம். நாலாவது அடுக்கெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கறுப்பு வெள்ளை அக்ரோஸ் 2018இல் நின்று 2019இல் அக்ரோஸ் 2 ஆகத் திரும்பியது, பெட்டியில் பிரிட்டன். சினிமா பிலிம் 2013இல் போனது, உரித்தெடுக்கும் உடனடிப் பட பிலிம் எஃப்.பி-100சி 2016இல், கலர் நெகட்டிவ் பிலிம் புரோ 400எச் 2021 ஜனவரியில். ஆக அந்த 14 ரோலும் திரும்ப வராத சரக்கு. இத்தனைக்கும் நடுவில் பிழைத்தது இன்ஸ்டாக்ஸ், எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் கேமரா. 2004 வாக்கில் வருஷத்துக்கு ஒரு லட்சம் கேமராவுக்கு இறங்கியது, 2018 நிதியாண்டில் ஒரு கோடி. அது பிரின்டர் மை இல்லை, உள்ளே இருப்பது பழைய வெள்ளி உப்பு, பழைய ஜெலட்டின், பழைய சாய வித்தை.

ஜெலுத்தோங் 11600

எல்லாருக்கும் நன்றி. வாடைப் பெட்டியும் லேப்டாப்பும் வேறு அறைக்குப் போயாச்சு. லூப்பில் பார்த்தேன், மற்றப் பெட்டியில் இருப்பது கிளை ஓடுற நூல்தான், பூஞ்சை. தண்ணியில் கழுவிடலாமா? ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதி இருக்கு, அது போதுமா? பிரிக்காத ரோலை எல்லாம் ஃபிரீசரில் வைக்கலாமா?

இருட்டறை

தண்ணீர் கூடவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். குழாயடியில் காட்டினால் படமே வழுக்கிக்கொண்டு போய்விடும். முதலில் உலர வையுங்கள்: டிரை கேபினட்டில் 40 முதல் 45 விழுக்காட்டில் ஒரு வாரம். பூஞ்சை காய்ந்து பொடியாகும். முகமூடி, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு உதவாது, மிச்சம் 30 தண்ணீர். முதலில் பளபளப்பான பக்கம், அது அடித்தாள். மங்கிய பக்கம்தான் படம். அதில் படம் இல்லாத ஓரத்தில் ஒரு தரம் தொட்டுப் பஞ்சில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் ஒரே ஒரு முறை இழுங்கள். பூஞ்சை தின்ற தடம் அதன்பிறகும் தெரியும். தின்றது தின்றதுதான்.

ஸ்கேனரின் தூசி நீக்கம் அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கிறது. கலர் நெகட்டிவின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசியும் பூஞ்சையும் தடுக்கும், அதனால் பிரித்தறிகிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளி உலோகம், அதுவும் தடுக்கும். போட்டால் முகத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அந்த நெகட்டிவ்களுக்கு அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் 4000 டி.பி.ஐ., 16 பிட்டில் எடுக்கத் தொடங்காதீர்கள், ஒரு படம் 125 மெகாபைட்டுக்கு மேல் வரும், நாலு பெட்டிக்கு மாதங்கள் ஓடும். ஒளிப்பலகையில் வரிசை வரிசையாகப் பரப்பி மேலிருந்து கேமராவால் ஒரு சுற்று எடுங்கள். எது வேண்டும் என்று அதில் தேர்ந்து, வினிகர் பெட்டியில் சுருக்கம் விழத் தொடங்கியவற்றை முதலில் நுணுக்கமாக ஸ்கேன் செய்யுங்கள்.

14 ரோலை ஃபிரீசரில் வைக்கலாம், நடந்த கெடுதல் அங்கேயே நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவை விட்டு எடுக்காமல், இரட்டை ஜிப் பையில் காற்றைப் பிழிந்துவிட்டு. சிலிகா ஜெல் ஆரஞ்சு நிறத்திலிருந்து கரும்பச்சைக்கு மாறியிருந்தால் அது ஈரம் குடித்து முடித்தது. ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

வெளியே எடுக்கும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். நம்மூர்க் காற்று 24, 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேலும் பனித்துளியாக இறங்கிவிடும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த ரோலுக்கு இரண்டு மணி நேரம், ஃபிரீசரில் இருந்து எடுத்ததற்கு நாலு மணி நேரம், பையோடு மேசையில் கிடக்கட்டும். பை வெளியே வியர்த்துக்கொண்டிருக்கும்வரை பிரிக்காதீர்கள்.